பயந்தாங்கொள்ளியின் எண்ணூறு மீட்டர்

ஜூலை 6

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அம்மாவும் சுகம்தான், முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. உன் பெண், என் குட்டி மருமகளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், அப்புறம் சத்தமே இல்லை. மாப்பிள்ளைக்கு இன்னும் அதே ஷிப்டுதானா?

கல்லூரி திறந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வருடம் மொத்தமே நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஷூ வைத்திருப்பவர்கள் அறுபது பேர் இருந்தால் அதிகம். ஆறு துறைகளுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டி அட்டவணை ஒட்டிவிட்டேன். ஒட்டிய அன்றே வரலாற்றுத் துறைத் தலைவர் வந்து, "முதல் ஆட்டமே கணிதத்தோடயா? ஏன் சார் எங்க மேல இவ்ளோ பாசம்?" என்றார். குலுக்கியது அவருடைய கைதான்.

உடற்பயிற்சிக் கூடத்துச் சாதனைப் பலகையை இறக்கித் தூசி தட்டினேன். பெண்கள் 800 மீட்டர், இரண்டு நிமிடம் 21.4 நொடி, பக்கத்தில் உன் பெயர். பதினெட்டு வருடமாக அசைக்க ஆளில்லை. எழுத்து மங்கியிருந்தது, நானே வெள்ளை பூசித் திருத்தினேன்.

நம் பிள்ளைகளின் பழைய வியாதி மட்டும் தீரவில்லை. இங்கே ஓடும்போது குதிரை, வெளி மைதானத்துக்குப் போனால் கால் நடுங்கி நேரம் கூடிவிடுகிறது. ஒவ்வொரு தொகுதியும் அப்படித்தான். அதனால் இந்த வருடமும் ஒரு தைரியப் பேச்சு ஏற்பாடு செய்திருக்கிறேன். வழக்கம்போல உன் கதையைத்தான் சொல்வேன்: இங்கே சாதனை படைத்தவள், பல்கலைக்கழகப் போட்டியில் பயந்து நான்காவதாக வந்தாள் என்று. உன் பெயரைச் சொல்லமாட்டேன், கவலைப்படாதே.

வேதியியலில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். ஒல்லியாக, நாக்கும் கூராக இருப்பதால் எல்லோரும் ஊசி என்கிறார்கள். ஓடுகிறாள். பார்ப்போம்.

இப்படிக்கு,
அண்ணன்

ஜூலை 25

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது. இவருக்கு இந்த மாதம் பகல் ஷிப்டு, அதனால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கொடுத்தால் திட்டுவாள், கொடுக்காவிட்டாலும் திட்டுவாள், அதனால் கொடுத்துவிடலாம்.

எனக்கு இங்கே வேலை குவிந்து கிடக்கிறது. வீடுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் தண்ணீர் மீட்டர்களை மேசையில் வரிசையாகப் பொருத்தி, அளந்த தண்ணீரை உள்ளே விட்டு, முள் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. நேற்று ஒருவர் வந்து, "எங்க வீட்ல தண்ணியே வர்றதில்ல, மீட்டர் மட்டும் ஓடுது" என்று சண்டை போட்டார். சோதித்தேன். அவர் சொன்னது சரி.

மைதானத்தில் ஓட்டப்பாதையின் உள்ஓரத்தில் பதித்த செங்கல் வரிசை இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

செப்டம்பர் 2

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

அம்மா தினமும் தபால்காரரிடம், "எங்க பயந்தாங்கொள்ளி எழுதினாளா?" என்று கேட்கிறாள். அவரும் இப்போது வாசலில் நின்று, "பயந்தாங்கொள்ளி லெட்டர் இல்லம்மா" என்கிறார். நீ ஊருக்கு வந்து உன் உண்மைப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

செங்கலுக்கு என்ன கேடு? என்னைவிட உறுதியாக நிற்கிறது. நான் தற்காலிக உதவியாளனாக இருந்தபோது, பழைய பி.டி. சார் விடுப்பில் போன வாரத்தில், தனியாளாக அளந்து, கொத்தனாரை வைத்துப் பதித்தது அல்லவா. இருநூறு மீட்டர் சுற்று. அன்று முதல்வர் மேடையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதற்கப்புறம் வருடாவருடம் செங்கலை ஒட்டிச் சுண்ணாம்பு தூவினால் போதும், அளக்கிற வேலையே இல்லை. அந்தச் செங்கல்தான் எனக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தது.

துறைப் போட்டிகள் அமர்க்களம். கைப்பந்தில் கணக்குப்பதிவியல்காரர்கள் புள்ளி எண்ணுவதில் தகராறு செய்தார்கள். அவர்களே எண்ணத் தெரியாமல் நின்றால் நான் என்ன செய்வது? கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நடுவில் அறுந்து இரண்டு துறைகளும் மல்லாந்து விழுந்தன. இருவருக்கும் வெற்றி என்று அறிவித்துவிட்டேன்.

ஊசி தினமும் காலையில் ஓடுகிறாள். போன வாரம் இரண்டு நிமிடம் 22 நொடி. உன் பலகைக்கு ஆபத்து. சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தின் முதல் வரியை என் பெண் படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது தாண்டிவிட்டது, இனி ஒளிக்க முடியாது. "மாமா ஏன் உன்னை அப்படிக் கூப்பிடறாரு?" என்றாள். ஒரு ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தேன், அதனால் என்றேன். மறுநாள் பள்ளியில் ஓட்டத்துக்குப் பெயர் கேட்டபோது இவள் கை தூக்கவில்லையாம். கேட்டால், "நம்ம குடும்பத்துக்கு அது வராதும்மா" என்கிறாள்.

அந்த வேதியியல் பெண் ஓடட்டும். அவளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பது யார்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

டிசம்பர் 14

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபிக்காதே. அட்டவணை, மழை, ஆண்டு விழா என்று உயிர் போய்விட்டது. நடுவில் அம்மா வழுக்கி விழுந்தாள், அடியில்லை, தரையைத்தான் இரண்டு நாள் திட்டினாள்.

மருமகள் விஷயம் படித்துச் சிரித்தேன். சின்னப் பிள்ளை, தானாகச் சரியாகிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எங்கள் விளையாட்டு விழா. பெண்கள் 800. நான்கு சுற்று. மூன்றாவது சுற்று முடியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ஸ்டாப்வாட்ச், மூன்று ஆசிரியர்கள், நான் எதையும் தொடவில்லை. இரண்டு நிமிடம் 20.6. ஊசி உன்னை முந்திவிட்டாள்.

கூட்டம் கத்தியது. நான் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பெயரை அழிக்க வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, நானே அழித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீயும் வருத்தப்படாதே. பதினெட்டு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

பிப்ரவரியில் பல்கலைக்கழகப் போட்டி. முதல் மூன்று பேருக்குப் பல்கலைக்கழக அணியில் இடம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் தைரியம் இருந்துவிட்டால் இடம் நிச்சயம். ஒரு தைரியப் பேச்சு கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

டிசம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு அடியில்லை என்பதைக் கேட்டு நிம்மதி. குளியலறையில் சாக்கு விரித்து வை. இங்கே குளிர், மற்றபடி குறையில்லை.

என் பெயர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இது மரியாதைக்கு எழுதுகிற வரி இல்லை, அப்படியே எடுத்துக்கொள். அந்தப் பெண்ணிடம் என் வாழ்த்தைச் சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளி மைதானத்தில் அவளுக்கு என்ன நேரம் வந்தாலும், அவளிடம் உடனே எதுவும் சொல்லாதே. ஒரு வாரம் கழித்துச் சொல்.

தங்கை

பிப்ரவரி 8

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் எரிச்சலில் இருக்கிறேன்.

நேற்று பல்கலைக்கழகப் போட்டி. ஊசி நான்காவது. உன்னைப் போலவே நான்காவது. இரண்டு நிமிடம் 22.4. இங்கே ஓடியதைவிட 1.8 நொடி அதிகம். அணியில் இடம் போய்விட்டது.

நீ ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாய். என்னால் ஒரு மணி நேரம்கூட முடியவில்லை. திரும்பும் பேருந்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பரவால்லம்மா, பயந்துட்டே, அவ்ளோதான். என் தங்கச்சியும் இப்படித்தான்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் பயப்படல சார். அளவுல ஏதோ தப்பு இருக்கு." நான் சிரித்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். சீனியர்களைக் கேட்டு ஆறு வருடக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். இங்கே ஓடிய நேரம், வெளியே ஓடிய நேரம். "பாருங்க சார், எல்லாருக்கும் ஒண்ணே முக்கால், ரெண்டு நொடிதான் கூடுது. பயந்தா ஒருத்தருக்கு அஞ்சு நொடி கூடும், ஒருத்தருக்குக் கூடவே கூடாது. லேப்ல எங்களுக்குச் சொல்லித் தர்றது இதுதான். தப்பு ஆள்கிட்ட இருந்தா முன்னப் பின்ன வரும். ஒரே மாதிரி வந்தா தப்பு கருவியில. நம்ம கிரவுண்டை அளந்து காட்டுங்க சார்."

பேருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முகம் சுட்டது. "உன் வயசைவிட என் செங்கலுக்கு வயசு அதிகம், போய் உன் சீட்ல உட்காரு" என்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை. நீயாவது அன்று வாயைத் திறக்காமல் வந்தாய்.

இப்படிக்கு,
அண்ணன்

பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

அவள் கேட்டதைச் செய். மைதானத்தை அள. பழைய டேப்பால் அளக்காதே.

தங்கை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் நல விசாரிப்பு இல்லாததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதற்கு மட்டுமாவது உடனே பதில் எழுது.

உன் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாவது நாள், உனக்கும் அவளுக்கும் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அளக்கப் போனேன். ஊசியையே கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். புது டேப். மூன்று முறை அளந்தோம். இருநூறு மீட்டர் இருக்க வேண்டிய சுற்று, நூற்றுத் தொண்ணூற்றேழரை. சுற்றுக்கு இரண்டரை மீட்டர் குறைவு. நான்கு சுற்றுக்குப் பத்து மீட்டர். நீங்கள் ஓடுகிற வேகத்தில் பத்து மீட்டர் என்பது 1.8 நொடி. இந்தக் கணக்கைப் போட்டதும் அவள்தான். போட்டு முடித்ததும் டேப்பைத் துடைத்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாமான் அறையில் மேசை இழுப்பறையைக் குடைந்து பழைய டேப்பை எடுத்தேன். எடுத்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. துருப்பிடித்துப் போனதால் பி.டி. சார் முதல் ஒரு அடியை வெட்டி எறிந்துவிட்டு, வளையத்தை முப்பதாவது சென்டிமீட்டரில் வைத்து முடுக்கியிருந்தார். "ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு அடி சேர்த்துக்கோப்பா" என்று சொல்லியும் இருந்தார். நேர்க்கோடு இரண்டிலும் சேர்க்கவில்லை, நடுவில் முளை அடித்து வளைவு வரைந்தபோதும் சேர்க்கவில்லை; எல்லாம் சேர்ந்து சுற்றுக்கு இரண்டரை மீட்டர் போய்விட்டது. கொத்தனார் சாந்து கலந்து வைத்துக்கொண்டு நின்றார், நான் மடமடவென்று இழுத்துக் குறித்துக்கொண்டே போனேன். அடுத்த வருடம் புது டேப் வந்தது. செங்கல் இருக்கும்போது எதற்கு அளக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினெட்டுத் தொகுதிப் பிள்ளைகள். ஒவ்வொருவரையும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்து, நீ பயந்துவிட்டாய் என்று சொன்னேன். சில பேர் அதை நம்பி ஓடுவதையே நிறுத்தினார்கள். தைரியப் பேச்சு வேறு. நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதை முதன்முதலில் உன்னிடம்தான் சொன்னேன். உனக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

ஒன்று கேட்க வேண்டும். ஊசிக்கு அளவில் சந்தேகம், அவ்வளவுதான். பழைய டேப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பழைய டேப்பால் அளக்காதே என்று உனக்கு எப்படித் தோன்றியது?

அண்ணன்

மார்ச் 21

தங்கைக்கு,

பதில் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்னவென்று சொல்வேன்? மாப்பிள்ளையையாவது ஒரு வரி எழுதச் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் முதலில் அதைச் சொல். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

எனக்குத் தெரியும். அந்த வருடமே தெரியும்.

போட்டி முடிந்து திரும்பியபோது நீ பேருந்தில் அந்த வார்த்தையைச் சொன்னாய். வீட்டு வாசலில் அப்பாவிடம் சொன்னாய். இரவுச் சாப்பாட்டுக்குள் அது என் பெயர் ஆகிவிட்டது. ஆனால் நான் பயப்படவில்லை, அண்ணா. அன்று போல நான் என்றுமே ஓடியதில்லை. கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டினேன், நீ அதைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். 21.4 ஓடியவள் 23.2 ஓடினால் எங்கேயோ இடிக்கிறது என்று பத்து நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகு சாமான் அறையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய், வளைவின் நடு முளையில் வளையத்தை மாட்டிச் செங்கல் வரை இழுத்தேன். நீ குறித்த அளவு அச்சாக வந்தது. தப்பு என்னிடம்தான் என்று நினைத்து வளையத்தைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். எண்கள் முப்பதிலிருந்து தொடங்கின.

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடி வீட்டுக்கு ஓடி வந்தேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே அம்மா எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கு நிரந்தர உத்தரவு வந்த நாள் அது. மூன்று வருடம் தற்காலிகமாக இருந்தவன். அப்பா உன்னை அதற்குமுன் ஒரு நாளும் பிறர் முன்னால் நல்லபடி பேசியதில்லை. அன்று உன் தோளில் கை போட்டு, "இவன் போட்ட டிராக்கைப் பார்த்துதான் வேலையே கொடுத்தாங்க" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டேப்பைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு போய்த் திரும்ப வைத்துவிட்டேன். அப்புறம் ஓடவில்லை. காலில் வலி என்றேன். அந்த மைதானத்தில் ஓடினால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நீயே ஒரு நாள் அளப்பாய் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். செங்கல் இருக்கிறதா என்று கேட்டதெல்லாம் அதற்காகத்தான். உன்னை மட்டும் குறை சொல்லமாட்டேன். அந்தப் பதினெட்டுத் தொகுதிப் பிள்ளைகள் விஷயத்தில் பாதிப் பழி என்னுடையது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இதே பெயர் விழும் என்று அப்போது தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது வாய் வரவில்லை. மீட்டர் தப்பாக ஓடினால் தண்ணீரைத் திட்டக் கூடாது என்று இங்கே தினமும் ஊராருக்குச் சொல்கிறேன். சொந்த அண்ணனிடம் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. உன் வேலை போகக் கூடாது என்று நான்தான் முடிவெடுத்தேன், அதற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் அதை எழுதினாயே, அதற்குக் கோபம் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்காக நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

தங்கை

ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நானும்தான், இரண்டு நாளாகச் சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணிக்குக்கூடக் காட்டவில்லை. மூன்று முறை படித்தேன். பிறகு பழைய டேப்பை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "யாருக்கும் தெரியாதுல்ல, லீவுல சத்தமில்லாம சரி பண்ணிடுங்களேன்" என்றார். முடியாது சார் என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், கோப்பில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் டேப்பைத் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நான் தைரியப் பேச்சுப் பேசுகிற அதே மேடை. என் கால்தான் நடுங்கியது. முடித்ததும் ஊசி எழுந்து, "சார், அடுத்த வருஷம் தைரியப் பேச்சு உண்டா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செங்கலைப் பெயர்த்தாகிவிட்டது. ஓட்டப் பதிவேட்டில் முகவரி கிடைத்த நாற்பத்தேழு பேருக்கு, நீங்கள் பயப்படவில்லை, தப்பு என்னுடையது என்று கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது முடிந்தது. பல்கலைக்கழக அணியில் ஊசிக்கு இடம் வாங்கித் தர என்னால் முடியாது, நான்காவது நான்காவதுதான். அடுத்த வருடம் சரியான சுற்றில் பயிற்சி எடுக்கட்டும். அவளும் அதையேதான் சொல்கிறாள்.

பலகை விஷயம் இது. குட்டைச் சுற்றில் ஓடிய நேரம் எதுவும் செல்லாது, எல்லா ஓட்டங்களையும் அழித்துவிட்டேன். சரியாக அளந்த மைதானத்தில் நம் பிள்ளைகள் ஓடியது பல்கலைக்கழகப் போட்டிகளில் மட்டும்தான். பழைய முடிவுத் தாள்களை எல்லாம் எடுத்து வைத்து, ஊசியும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெண்கள் 800இல் இந்த வருடம் அவள் ஓடிய 22.4தான் முதலிடம். அதற்கு முன்னால் பதினெட்டு வருடமாக யாராலும் முந்த முடியாத நேரம் 23.2. நான் பார்க்காத அந்தக் கடைசி வளைவு. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னது ஊசிதான். உன் பெயரை மறுபடி நானே எழுதினேன்.

மருமகளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காமல் அவளிடம் கொடு.

அம்மாவிடம் நேற்று முழுவதையும் சொன்னேன். ஒத்தடத் துணியை முட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். பிறகு, "அப்போ இத்தனை வருஷமா நாம யாரை அப்படிக் கூப்பிட்டோம்?" என்று கேட்டாள். இன்று காலை தபால்காரர் வந்ததும் அவளே எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடிதம் வந்திருக்கிறதா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள். பதினெட்டு வருடமாக வீட்டில் யாரும் சொல்லாத பெயர். பாதியில் நாக்குத் தடுமாறியது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து முழுசாகச் சொன்னாள்.

அண்ணன்